மாமனார் பெயரில் பெய்த மழை

எனக்கு எண்பத்திரண்டு வயது ஆகிறது. பெற்று வளர்த்தது ஏழு பேர். என் கைச் சோறுதான் வேண்டும் என்று வந்து ஒட்டிக்கொண்ட நாத்தனார் மகனையும் சேர்த்தால் எட்டு. இத்தனை பேருக்கு ஆக்கிப் போட்ட கைக்கு எழுத்து அவ்வளவாக ஓடாது. நான் சொல்லச் சொல்ல என் பேத்தி எழுதுகிறாள்.

"போன வாரம் கல்யாணக் கதையாவே போயிருச்சு அப்பத்தா. இந்த வாரம் சந்தோசமா ஏதாச்சும் சொல்லு" என்கிறாள். கல்யாணம் சந்தோஷமில்லையா என்று கேட்டேன். பேனாவைக் கடித்துக்கொண்டு சிரிக்கிறாள்.

சரி, ஒரு மழைநாளைச் சொல்கிறேன். எழுதிக்கொள்.

மாசி மாதக் கடைசி. நான் வாக்கப்பட்டு வந்து ஆறு மாதம் இருக்கும். உத்தமபாளையத்துக்கும் கம்பத்துக்கும் நடுவில் சின்ன ஊர். விடிந்தும் விடியாத நேரம், கையில் சாணிச் சட்டியோடு வாசலுக்கு வருகிறேன். மாமரத்துப் பூ வாசனையோடு சேர்ந்து இன்னொரு வாசனை அடித்தது. எங்கோ தூரத்தில் மண் நனைந்த வாசனை.

நிமிர்ந்து பார்த்தால் மேற்கே மலையைக் காணவில்லை. அது நிற்கிற இடத்தில் ஈயச்சட்டியின் அடிப்பக்கம் மாதிரி ஒரே கறுப்பு.

வீட்டுக்குப் பின்னால் களத்தில் துவரை காய்கிறது. வருஷத்துக்குமான துவரை. பக்கத்தில் கயிற்றுக் கட்டிலில் மாமனார் காவலுக்குப் படுத்துத் தூங்குகிறார். மாசியில் மழையை யார் எதிர்பார்த்தார்கள்? மூடி வைக்க ஒரு சாக்குகூட எடுத்து வைக்கவில்லை.

சாணிச் சட்டியைப் போட்டுவிட்டு ஓடினேன். ஓடிக்கொண்டே கத்தினேன்.

"மழை! எந்திரிங்க, மழை! மழை வருது!"

மாமனார் துள்ளி எழுந்தார். வீட்டுக்குள்ளிருந்து என் வீட்டுக்காரரும் மாமியாரும் நாத்தனாரும் வந்து விழுந்தார்கள். கூடையில் அள்ளினோம், சேலையில் அள்ளினோம். கடைசிக் கூடை உள்ளே போனதும் யாரோ மேலே நின்று கவிழ்த்துவிட்ட மாதிரி ஊற்றியது. துவரை ஒரு மணிகூட நனையவில்லை. நாங்கள்தான் நனைந்தோம். எல்லோருக்கும் சிரிப்பு.

மாமியாருக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. தலையிலிருந்து தண்ணீர் சொட்ட என்னையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"ஏண்டி, என்னான்னு சொல்லிக் கத்துன?"

அப்போதுதான் கத்தினது என்ன சொல் என்று எனக்கே உறைத்தது.

வாயில் வைக்கக் கூடாத சொல்

இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு இதை விளக்கிச் சொன்னால்தான் புரியும். அப்போதெல்லாம் புருஷன் பெயரையும் மாமனார் பெயரையும் பெண்கள் வாயால் சொல்லக் கூடாது. பெயரை மட்டுமில்லை, அந்தப் பெயருக்குள் இருக்கிற சொல்லையும் சொல்லக் கூடாது.

என் மாமனார் பெயர் என்ன என்று பேத்தி கேட்கிறாள். ஜன்னலுக்கு வெளியே மேற்கே கையைக் காட்டி, 'அதோ நிற்கிறதே, அதோடு சாமியைச் சேர்த்துக்கொள்' என்றேன். எழுதிவிட்டாள். மலைச்சாமி. இது அவள் கை எழுதியது. என் வாய் சொன்னதில்லை. மேலே ஓர் இடத்தில் 'மலையைக் காணவில்லை' என்று இருக்கிறதே, அதுவும் நான் கையைக் காட்ட அவளாக எழுதிக்கொண்டதுதான். இனிமேல் வருவதும் அப்படித்தான்.

எங்கள் பக்கம் திரும்பின திசையெல்லாம் மலைதான். அதைச் சொல்லாமல் எப்படிப் பிழைப்பது? மாமியார் வழி கண்டுபிடித்து வைத்திருந்தார்கள். அவர்களுக்கு அது 'மேக்க'. மலைக்கு வேலைக்குப் போகிறவர்கள் மேக்க போகிறவர்கள். மலைப்பழம் மேக்கத்திப் பழம். மலைப்பாம்பு மேக்கத்திப் பாம்பு. அது கிழக்கேயிருந்து ஊர்ந்து வந்தாலும் மேக்கத்திப் பாம்புதான்.

இதுவரை சரி. இதற்கு மேல்தான் சிக்கல்.

அந்த வீட்டில் யாருக்கும் 'ழ' வராது. பழம் அவர்களுக்குப் 'பலம்', கிழவி 'கிலவி'. மலையும் 'மல'தான், மழையும் 'மல'தான். ஆகவே அந்த வீட்டுக்கு வந்த மருமகள் மழையையும் வாயில் வைக்கக் கூடாது! மழை பெய்தால் 'மானம் ஊத்துது' என்று சொல்ல வேண்டும்; வானத்தைத்தான் மானம் என்பார்கள். மழை விட்டால் 'மானம் வெறிச்சிருச்சு'. மாமியார் முப்பது வருஷமாக அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

எனக்கோ 'ழ' நன்றாக வரும். பெருமைக்குச் சொல்லவில்லை, பெருமைக்குத்தான் சொல்கிறேன், இருக்கட்டும். என்னைப் பெற்ற அய்யாவுக்கு ஊர் ராயப்பன்பட்டிக்குப் பக்கம். பொட்டைப் பிள்ளைக்கு என்ன படிப்பு என்று சொந்தக்காரர்கள் எல்லாம் கேட்டும், அய்யா கேட்காமல் என்னை இரண்டு வருஷம் கன்னியாஸ்திரிகள் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பினார். அங்கே ஓர் அம்மா, "நாக்க மடிச்சு மேல கொண்டு போ. தொடாத! தொட்டா கெட்டுச்சு" என்று வரிசையாக நிறுத்திச் சொல்லித் தருவார்கள். மற்றப் பிள்ளைகளுக்கு எச்சில்தான் தெறிக்கும். எனக்கு முதல் நாளே வந்தது.

ஆறு மாதமாக அந்த 'ழ'வை வாய்க்குள் பூட்டி வைத்திருந்தேன். பூட்டு அன்றைக்குக் களத்தில் தெறித்துவிட்டது.

கூட்டி வா உன் மாமனாரை

"மாமனாரு பேரச் சொல்லி ஊரே கேக்கக் கூவுறா! ஒரு தடவையா, மூணு தடவ!" மாமியார் உள்ளே வந்ததும் ஆரம்பித்தார்கள். "ரெண்டு எலுத்துப் படிச்சவளுன்னு சொல்லிப் பொண்ணக் குடுத்தாகல்ல, இந்தா, படிச்ச லச்சணம்!"

என் வீட்டுக்காரர் மெல்ல, "துவர நனையாமத் தப்பிச்சதுல்ல ஆத்தா" என்றார்.

"துவர போனா அடுத்த வருசம் வெளையும். மருவாதி வெளையுமாடா? போ, போயி உன் மாமனாரைக் கூட்டியா. அவரு மக பேசுன பேச்ச அவரே வந்து கேக்கட்டும். பொட்டச்சியப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்புன புண்ணியத்துக்கு அவரே வந்து நாலு பேரு முன்னால பதில் சொல்லட்டும்."

எனக்கு அழுகை வரவில்லை. என்னைத் திட்டினால் திட்டட்டும். ஆனால் அய்யா வந்து கைகட்டி நிற்பதா? என்னைப் படிக்க வைத்ததற்காகத் தலை குனிவதா? சொந்தத்தில் எத்தனை பேர் அதற்காகவே காத்திருந்தார்கள்!

என் வீட்டுக்காரர் கதவுக்கு வெளியே எட்டிப் பார்த்தார். தெருவே ஓடையாக ஓடிக்கொண்டிருந்தது.

"இந்த ஊத்துல எப்பிடி ஆத்தா போறது? நடுவுல ஓடையத் தாண்டணும். மானம் வெறிக்கட்டும், போறேன்."

"வெறிச்ச உடனே போ" என்று சொல்லிவிட்டு மாமியார் என் பக்கம் திரும்பினார்கள். "அடுப்புப் பக்கம் வராத. அங்கன போயி ஒக்காந்து புளி தட்டு."

ஆக, மழை பெய்கிற வரைக்கும் எங்கள் அய்யாவின் மானம் பத்திரம். நின்றால் போயிற்று. புளி மூட்டைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, மாரியாத்தா, இன்னைக்கு நிறுத்திடாதே என்று வேண்டிக்கொண்டேன்.

மாரியாத்தா கேட்டாள்

அன்றைக்குப் பெய்தது பாருங்கள்! சத்தியமாகச் சொல்கிறேன், இத்தனை பயத்திலும் அப்படி ஒரு நல்ல நாளை அதற்கு முன் அந்த வீட்டில் நான் பார்த்ததில்லை.

விவசாயக் குடும்பத்தில் வெளிச்சத்தில் எல்லோரும் ஒரு கூரைக்குக் கீழ் இருப்பது எப்போது நடக்கும்? ஆளுக்கொரு திசையில் போவார்கள். இருட்டின பிறகு வருவார்கள். அன்றைக்கு மழை எல்லோரையும் பிடித்து உட்கார வைத்துவிட்டது. கன்றுக்குட்டியை உள்ளே கட்டினோம். கோழிகள் தாமாகவே வந்து உலக்கைக்குப் பக்கத்தில் வரிசையாக ஒண்டிக்கொண்டன.

நாட்டு ஓடு நாலைந்து இடத்தில் ஒழுகும். பித்தளைச் செம்பு ஒன்று, மண்சட்டி ஒன்று, இரும்பு வாளி ஒன்று வைத்தோம். செம்பு ணங் என்றது, சட்டி தொப் என்றது. என் நாத்தனார் செல்லத்தாயிக்குப் பதினான்கு வயது இருக்கும். அவள் அந்தத் தாளத்துக்குத் தலையை ஆட்டிக்கொண்டே முறத்தில், எங்கள் பக்கம் சுளகு என்போம், கேப்பை மாவு சலித்தாள்.

மாமியார் மொச்சைப் பயறு வறுத்தார்கள். வறுபடுகிற வாசனை ஈரக் காற்றில் நகராமல் அப்படியே மூக்குக்கு நேராக நின்றது. பெரிய கிண்ணம் நிறையப் போட்டு முன்கட்டில் இருந்த ஆண்களுக்கு அனுப்பினார்கள். எனக்குத் தரவில்லை.

செல்லத்தாயி மாவு சலிக்கிற சாக்கில் நகர்ந்து நகர்ந்து வந்து என் மடியில் ஒரு பிடி போட்டாள்.

"மதினி, சத்தமில்லாமக் கடி. மொச்சை காட்டிக் குடுத்துரும்."

கடித்தால் சத்தம் வருமென்று வாயில் ஊற வைத்துத் தின்றேன். வறுத்த மொச்சையை ஊற வைத்துத் தின்ற ஒரே மருமகள் நானாகத்தான் இருப்பேன். அதிலும் ஒரு ருசி இருந்தது.

பின்வாசல் கதவு பாதி திறந்திருந்தது. மழை கொஞ்சம் மெலியும்போதெல்லாம் மேற்கே மேகம் விலகி, மலைச்சரிவில் வெள்ளை வெள்ளையாக நூல் தொங்கவிட்ட மாதிரி அருவிகள் தெரியும். முந்தின நாள்வரை அங்கே அப்படி ஒன்றும் கிடையாது. 'அங்கன பாரு, அங்கன பாரு' என்று செல்லத்தாயி எண்ணிக்கொண்டே வந்தாள். ஒன்பது வரை எண்ணினோம். மறுபடி மேகம் மூடும். எனக்கு நிம்மதி வரும்.

மாமியார் சுக்குத்தண்ணி வைத்தார்கள். கருப்பட்டி தட்டிப் போட்டது. அதை மட்டும் ஒரு டம்ளர் என் பக்கத்தில் ணங்கென்று வைத்துவிட்டு, "குளிரில செத்துக் கித்துத் தொலைச்சா அதுக்கும் நாந்தான் பதில் சொல்லணும்" என்றார்கள். என் மாமியார் கோபத்துக்கும் கருப்பட்டி போடுவார்கள்.

முன்கட்டில் என் வீட்டுக்காரர் கயிறு திரித்துக்கொண்டே ஏதோ பாட்டை முனகினார். பகலில் அவர் குரலை அவ்வளவு நேரம் கேட்டது அன்றைக்குத்தான். பாட்டு அவ்வளவு நன்றாக இல்லை. அதனாலென்ன?

சுளகில் ஒரு சொல்

உச்சி சாய்ந்த பிறகு செம்பின் சத்தம் இடைவெளி விட ஆரம்பித்தது. ணங். கொஞ்சம் பொறுத்து, ணங். அப்புறம் நெடுநேரம் ஒன்றும் இல்லை.

"மானம் வெறிச்சிருச்சு. கெளம்புடா" என்றார்கள் மாமியார்.

என் வீட்டுக்காரர் சாக்கை மடித்துத் தலையில் கவிழ்த்துக்கொண்டு எழுந்தார்.  புளியை வைத்துவிட்டு எழுந்தேன். மாமனாரோடு மருமகள் நேராகப் பேசுகிற வழக்கம் இல்லை. நடுவில் ஒரு சுவர்தான், ஆனாலும் செல்லத்தாயி வழியாகத்தான் பேச வேண்டும்.

"செல்லம், மாமாகிட்டச் சொல்லு. நான் அவுக பேரைச் சொல்லல. நான் சொன்னது வேற வார்த்த."

"அய்யா, நீங்க கேட்டீகளா? மதினி சொன்னது வேற வார்த்தையாம்" என்றாள் அவள், எல்லோருக்கும் கேட்டுவிட்ட விஷயத்தை.

முன்கட்டிலிருந்து பதில் வந்தது. மாமனார் குரல். "வேறயா? எனக்கு என் பேருதான் கேட்டுச்சு. எங்கய்யா செத்த பெறகு என்னையப் பேரு சொல்லிக் கூப்புட ஊருல ஆளு கெடையாது. அவருதான் கூப்புடுறாருன்னு அலறிப் புடிச்சு எந்திரிச்சேன்."

என் வீட்டுக்காரர் சிரிப்பை அடக்கப் பார்த்து இருமினார்.

மாமியார் விடவில்லை. "வேற வேற வார்த்தையாமுல்ல! எங்க, ரெண்டையும் சொல்லச் சொல்லுங்க பாப்போம். காதாலயே கேட்டுக்கிருவோம்!"

பார்த்தீர்களா சூட்சுமத்தை? இரண்டும் வேறு என்று காட்ட வேண்டுமானால் இரண்டையும் சொல்ல வேண்டும். இரண்டையும் சொன்னால் மாமனார் பெயரைச் சொன்னதாக ஆகும். சொல்லாவிட்டால் காலையில் சொன்னதாக ஆகும். இந்த மாமியார் மட்டும் படித்திருந்தால் உத்தமபாளையம் கோர்ட்டையே நடத்தியிருப்பார்கள்.

செல்லத்தாயியின் சுளகில் சலித்த கேப்பை மாவு பரப்பிக் கிடந்தது. நாங்கள் பள்ளிக்கூடத்தில் மணலில் எழுதித்தான் படித்தோம். மாவும் மணல் மாதிரிதானே? சுளகை வாங்கி, மாவைக் கையால் தடவிச் சமப்படுத்தி, விரலால் ஒரே ஒரு சொல் எழுதினேன். மழை. இன்னொன்றை எழுதவில்லை.

"இத மாமாகிட்டக் காட்டு. இதான் நான் சொன்னது. இதுல அவுக பேரு இருக்கான்னு அவுகளே பாக்கட்டும். ஆட்டாமக் கொண்டு போ. தும்மிறாத!"

செல்லத்தாயி மூச்சைப் பிடித்துக்கொண்டு, சாமிக்கு விளக்கு எடுத்துப் போகிறவள் மாதிரி நடந்து போனாள்.

மாமனாருக்குப் படிக்கத் தெரியாது. ஆனால் கையெழுத்துப் போடத் தெரியும். பத்திரத்தில் கட்டைவிரல் வைக்க வெட்கப்பட்டு, ஒரு குமாஸ்தாவைப் பிடித்துத் தன் பெயரை மட்டும் கோலம் பழகுகிற மாதிரிப் பழகி வைத்திருந்தார். அவருக்குத் தெரிந்த எழுத்தெல்லாம் அவர் பெயரில் இருப்பவைதான். நான் நம்பினதும் அதைத்தான்.

யானையைக் காணோம்

இந்த இடத்தில் பழைய எழுத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். 'லை' என்று இப்போது எழுதுகிற மாதிரி அப்போது எழுத மாட்டார்கள். 'ல'வுக்கு முன்னால் ஒரு தும்பிக்கை வளைந்து மேலே தூக்கி நிற்கும். 'ழை'க்குத் தும்பிக்கை கிடையாது. முன்னால் இரட்டைச் சுழி, கீழே ஒரு வால். இரண்டையும் எழுத்தாகப் பார்த்தவர்களுக்குக் குழப்பமே வராது. வாயால் மட்டும் பேசுகிறவர்களுக்குத்தான் இரண்டும் ஒன்று.

கதவிடுக்கு வழியாகப் பார்த்தேன். மாமனார் சுளகை மடியில் வைத்து, வெளிச்சத்துக்குத் திருப்பிப் பார்த்தார். விரலை மாவில் படாமல் மேலேயே ஓட்டினார்.

"மொதல்ல இருக்கது என் பேருல இருக்கதுதான். சரி. ரெண்டாவதா யானை வரணும். தும்பிக்கையத் தூக்கிக்கிட்டு நிக்கும். அது வராமத்தான் அந்தக் குமாஸ்தா என்னைய ஒரு வாரம் அலைய விட்டான்." மறுபடி குனிந்து பார்த்தார். "இதுல யானையக் காணோம். வேற என்னமோ வாலத் தொங்கப் போட்டுக்கிட்டு நிக்குது. இது என்ன வார்த்தைன்னு எனக்குத் தெரியாது. ஆனா என் பேரில்ல."

"அவ புளியங்கொட்டைன்னு எலுதிக் காட்டிருந்தா நமக்கு என்ன தெரியும்?" என்றார்கள் மாமியார்.

"புளியங்கொட்டைன்னு எலுதத் தெரிஞ்ச மருமக இந்தத் தெருவுல வேற யாரு வீட்டுல இருக்கா?"

"எலுத்து ரெண்டா இருந்தா இருந்துட்டுப் போகுது. காதுக்கு ஒண்ணுதான?"

"காது உன்னோடது. பேரு என்னோடது" என்றார் மாமனார். "ஏலே, சாக்கக் கீல போட்டுட்டு ஒக்காரு. யாரும் எங்கிட்டும் போகவேணாம்."

அப்புறம் கொஞ்சம் குரலை உயர்த்தி, சுவரைப் பார்த்துச் சொன்னார். செல்லத்தாயிக்குச் சொல்லவில்லை, எனக்குத்தான் சொன்னார்.

"ஆத்தா, காலையில நீ கத்தலைன்னா இந்நேரம் துவர களத்துலயே மொளைச்சிருக்கும்."

அந்த வீட்டில் மாமனார் என்னோடு பேசின முதல் பேச்சு அது.  மடியில் மீந்திருந்த மொச்சையை வாயில் போட்டுக் கடக்கென்று கடித்துவிட்டேன். வீட்டுக்கே கேட்டது.

மாமியார் என்னைப் பார்த்தார்கள், செல்லத்தாயியைப் பார்த்தார்கள், மொச்சைச் சட்டியைப் பார்த்தார்கள். "எந்திரிச்சு வா. அடை தட்டணும். புளி நாளைக்கும் கெடக்கும்" என்றார்கள்.

எழுதின மாவை என்ன செய்வது? வெங்காயமும் முருங்கைக் கீரையும் போட்டுப் பிசைந்து அடை தட்டினோம். வெளியே மறுபடி தூறல் பிடித்தது. முதல் அடை மாமனாருக்கு. இரண்டாவதை மாமியார் பிய்த்துப் பாதியை என் தட்டில் போட்டார்கள். அந்தச் சொல்லைத்தான் அன்றைக்குக் குடும்பமாக உட்கார்ந்து தின்றோம்.

பங்குனியில் எங்கள் அய்யா ஒரு வாழைத்தாரோடு என்னைப் பார்க்க வந்தார். இந்தக் கதை அவருக்குக் கடைசிவரை தெரியாது. "மகளை நல்லா வளத்திருக்கீக" என்று மாமியார் சொன்னதுதான் தெரியும். அவர் துண்டை உதறி மறுபடி தோளில் போட்டுக்கொண்டார்.

இன்னும் ஒன்று இருக்கிறது. அந்த மழைநாளிலேயே, அடை தின்று கை கழுவும்போது, மாமியார் என் காதோரம் வந்து மெல்லக் கேட்டார்கள்.

"ஏடி, அப்ப நானும் சொல்லலாமா?"

"தாராளமாச் சொல்லலாம் அத்தே. நாக்க மடிச்சு மேல கொண்டு போங்க. தொடக் கூடாது."

மடித்தார்கள். கண்ணை மூடிக்கொண்டார்கள். முகமெல்லாம் கோணிற்று. முப்பது வருஷமாகச் சொல்லாத சொல். கடைசியில் வந்தது, "மல!"

அய்யய்யோ என்று தன் வாயில் தானே இரண்டு அடி போட்டுக்கொண்டார்கள். அப்புறம் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள் பாருங்கள், நானும் சிரித்தேன். என்ன என்று கேட்டு வந்த செல்லத்தாயியும் காரணம் தெரியாமலே சிரித்தாள்.

அவர்களுக்கு அந்த 'ழ' கடைசிவரை வரவில்லை. ஆனால் சித்திரையில் அடுத்த முறை மேற்கே கறுத்தபோது, களத்தில் மிளகாய் காய்ந்துகொண்டிருந்தது. மாமியார்தான் முதலில் பார்த்தார்கள். பார்த்துவிட்டு மிளகாயைத் தொடவில்லை. வீட்டுக்குள் ஓடி வந்தார்கள்.

"ஏ பொன்னுத்தாயி! மாவாட்டுனது போதும், எந்திரி! வெளிய வந்து அதைச் சொல்லு! நீ சொன்னாத்தான் எல்லாரும் ஓடி வருவாக!"

மாவுக் கையோடு களத்தில் நின்று சொன்னேன். அதற்குப் பிறகு அந்த வீட்டில் மழையைச் சொல்வது என் வேலை என்று ஆகிவிட்டது.

எழுதிவிட்டாயா, கண்ணு? எங்கே, முதலிலிருந்து படி பார்ப்போம். முனகாதே. வாயைத் திறந்து, தெருவுக்கே கேட்கிற மாதிரிப் படி.